காயப் பொறுக்காத அத்தான்

லிஃப்ட் பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டுச் சும்மா நிற்கிற ஆள் இல்லை எங்கள் அத்தான். ஏழெட்டுத் தடவை குத்துவார். இத்தனைக்கும் லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. "அழுத்தினா சீக்கிரம் வராதுன்னு எனக்குத் தெரியாதா? கைதான் கேக்க மாட்டேங்குது" என்பார். டீயை ஆறவிட்டு அவர் குடித்து நான் பார்த்ததில்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டு டீயைத் திட்டுவார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் போய் ஓவியப் பைத்தியம் பிடித்தால்? வாட்டர் கலர் காய்வதற்குள் தொட்டுப் பார்த்து, வானமெல்லாம் கட்டைவிரல் ரேகை. ஆயில் பெயின்ட் காய நாள்கணக்காகும் என்று கடைக்காரர் சொன்னதும் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அப்புறம்தான் டெம்பரா ஸ்டிக் கையில் மாட்டியது. அடியில் திருகினால் உதட்டுச்சாயம் மாதிரி தலை நீட்டுகிற கெட்டிப் பெயின்ட். தண்ணீர் வேண்டாம், பிரஷ் வேண்டாம், தேய்த்த ஒரு நிமிஷத்தில் காய்ந்துவிடும். "எனக்காகவே கண்டுபிடிச்சிருக்காங்கடா மச்சான்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். என் வெள்ளைச் சட்டையின் முதுகில் அந்த ஆரஞ்சு விரல்கள் இன்னும் இருக்கின்றன.

வெறும் பெயின்டோடு நின்றாரா? அட்டை, துணி, வயர், பித்தான் என்று கண்டதையும் ஒட்டி, அதன்மேல் ஸ்டிக்கைத் தேய்ப்பார். மிக்ஸட் மீடியாவாம். நெளி அட்டையில் நீலத்தை இழுத்தால் மேடு மட்டும் நிறம் பிடித்து, அசல் தகரக் கூரையாகிவிடும். பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருக்கும். வினை எங்கே என்றால், பெயின்ட் காய்ந்ததுமே படத்தை மாட்டிவிடுவார். அடியில் இருக்கிற பசைக்கு ஒரு ராத்திரி வேண்டாமா? போன வருஷம் எங்கள் குடியிருப்பில் நடந்த ஓவியக் கண்காட்சியில் நடுவர் குனிந்து ரசிக்கையில், நிலா கழன்று அவர் சட்டைப் பையில் விழுந்தது.

பரிசெல்லாம் அத்தானுக்கு வேண்டாம். என் அக்கா வாயிலிருந்து ஒரே ஒரு "நல்லாருக்கு" வந்தால் போதும். அவளோ ஒவ்வொரு படத்தின் முன்னாலும் இடுப்பில் கைவைத்து நின்று, "எப்ப விழும்?" என்று மட்டும் கேட்பாள்.

இந்த வருஷம் அவளையே வரைந்தார். கன்னத்தில் பழுப்பின்மேல் மஞ்சளைத் தேய்த்து விரலால் இழைத்ததில், வெயில் பட்ட அக்கா முகம் அப்படியே வந்துவிட்டது. கூந்தலுக்குப் பழைய லிஃப்டின் கறுப்பு வயர். அதிசயம் பாருங்கள், பசை காய ராத்திரி முழுக்க விட்டுவைத்தார்! காலையில் கண்காட்சிக்குக் கிளம்பும்போதுதான் காது வெறிச்சென்று இருப்பதாகத் தோன்றியது. அக்காவின் பழைய கோட்டிலிருந்து ஒரு சிவப்புப் பித்தானைப் பிய்த்துத் தோடாக ஒட்டிவிட்டார்.

"ஐயோ அத்தான், அது காயணுமே!" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"ஒரு பித்தான்தானேடா, நிக்கும்."

நிற்கவில்லை. மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே தோடு கழுத்துப் பக்கம் நகர ஆரம்பித்தது. கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, படத்தோடு படமாக நின்றார் அத்தான். "கையை எடுங்க சார், பாக்கணும்" என்றவர்களிடம், "இப்படித்தான் பாக்கணும், புது ஸ்டைல்" என்று சமாளித்தார். போன வருஷத்து நடுவர் வந்தார். சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் அக்கா வந்தாள். இடுப்பில் கைவைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "எப்ப விழும்?" என்று மட்டும் கேட்கவில்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். அவர் விரலை மெல்ல விலக்கிவிட்டு, தன் கட்டைவிரலைத் தோட்டின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.