நிஸ்மியாவும் சதுப்பு நிலத்துப் பேய் வீடும்

ஏறாவூரில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் என் மாமி மகள் நிஸ்மியாவும் நானும் வேலை செய்கிறோம். இருபத்தாறு வயது, பேய்க் கதை என்றால் அவளுக்கு உயிர். கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன், அப்ஹாம் காக்கா, ஒரே கதையின் ஆறு பாகங்களான ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்களை அனுப்பியிருந்தார். அமெரிக்காவின் தென்பகுதி, சதுப்பு நிலத்து நடுவில் உளுத்துப்போன ஒரு மாளிகை. அதில் ஒரு கிழவி, ஓர் இளம் தம்பதி, சுவர்ப் படங்களிலிருந்து இறங்கி வரும் செத்துப்போன சொந்தக்காரர்கள். சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று நாளுக்கு ஒன்றாக எனக்கு வாசித்துச் சொன்னாள். ஆட்கள் கொப்பி எடுக்க வந்து நிற்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

"அடுத்ததா மாப்பிள்ளையத்தான் இந்த வீடு விழுங்கும், பாரு மச்சி!"

நானும் நம்பினேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது, கல்யாணம் முடித்து வந்து இருக்கிறவன்தான் ஆண். தம்பதி இருவருமே கிழவியை அம்மா என்றார்கள். அவள் பெண்ணைப் பெற்றவள், மாப்பிள்ளைதான் வெளியிலிருந்து வந்தவன் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அதே வாரம் நிஸ்மியாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பொடியன். ஆனால் இவள் அங்கே போய் அவனுடைய தாயோடு இருக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய உம்மா நஸீபா மாமி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஓம் சொல்வதா வேண்டாமா என்று நிஸ்மியா தவித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஆறாவது புத்தகம். கிழவி குடும்பத்துப் பைபிளைத் திறந்து, அதில் எழுதிவைத்திருக்கும் தன் வயிற்றில் பிறந்தவர்களின் பெயர்களைக் காட்டுகிறாள். அதில் இருந்தது அந்த ஆணின் பெயர்!

"யா அல்லாஹ்! மச்சி, இது அவன்ட உம்மா! அப்ப வீடு விழுங்கப்போறது அவளத்தான்!"

முந்திய ஐந்தையும் பறித்துப் பறித்துப் புரட்டினோம். அந்தப் பெண்ணிடம் ஏன் சாவியே இல்லை, அவளுடைய கதிரை ஏன் மேசைக் கடைசியில், படங்களின் கண்கள் ஏன் அவளையே பார்த்தன! எல்லாம் கண் முன்னால்தான் இருந்தது, நாங்கள்தான் கோட்டை விட்டிருந்தோம். எனக்கு ஒரே சந்தோஷம். நிஸ்மியா மட்டும் அந்தக் கடைசிக் கதிரை இருந்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

பின்னேரம் அவளோடு நானும் வீட்டுக்குப் போனேன்.

"உம்மா, அவர் இங்க வந்து இரிக்கிறெண்டா எனக்கு ஓம். நான் அங்க போகமாட்டன்."

மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"உனக்குப் போக விருப்பமாக்கும் எண்டுதான் நான் வாயத் திறக்கல்ல மகள். நீயும் போனா இந்த வீட்டுல நான் ஆரோட இரிக்கிற?"