குழியக்காவின் கத்தி

கத்தியை மண்சுவரில் குத்திவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார் குழியக்கா. மணல் என்றால் 'சரக்' என்று இறங்கும். களி என்றால் இறங்கும்போது சத்தம் வராது, இழுக்கும்போதுதான் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். சில இடங்களில் 'டக்' என்று நின்றுவிடும். அப்போது அவர் உதடு ஒரு பக்கமாகச் சுழியும். குழிக்கு மேலே நிற்கிற நிலத்துக்காரர் அந்த உதட்டைப் பார்த்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்வார்.

மண் ஆய்வு அலுவலகத்தில் வேலை. ஆள் உயரத்துக்குக் குழி வெட்டவைத்து, அதற்குள் நின்று, மேலிருந்து கீழ்வரை மண் எங்கெங்கே மாறுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து எழுதிவிடுவார்கள். குழியக்கா உள்ளே இறங்கினால் இறங்கினதுதான். சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கயிற்றில் கட்டி இறக்கச் சொல்லுவார். "மேல வந்து என்ன பண்றது? வெயிலும் வெட்டிப் பேச்சும்தான். உள்ள குளுகுளுன்னு இருக்கு" என்பார். அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, செருப்பு வார் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்ட கண்ணாடி, மண்ணைச் சுரண்டுவதற்கென்றே வளர்த்துவிட்ட வலது கட்டைவிரல் நகம். இவ்வளவுதான் அலங்காரம். கத்தி, ஒரு காலத்தில் அடுப்படியில் இருந்தது. பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கிறார். அதை இன்னொருவர் கை தொடக்கூடாது. ஒருமுறை மேலதிகாரி பார்சல் கயிறு அறுக்கக் கேட்டதற்கு, "இது மண்ணுக்கு மட்டும் சார்" என்று சொல்லிவிட்டார். அதிகாரி பல்லால் கடித்து அறுத்தார்.

வீட்டில் சமையலறை ஜன்னலில் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர், அதில் ஒரு மண்கட்டி. நல்ல மண் தண்ணீருக்குள் கட்டியாகவே கிடக்கும், இல்லை உதிர்ந்து அடியில் படியும். சோடியம் மிஞ்சிப்போன மண் அப்படியில்லை. கரைந்து கலங்கித் தண்ணீரைப் பாலாக்கிவிடும். நாள் கணக்கில் வைத்திருந்தாலும் தெளியாது. அதற்குத்தான் களர் என்று பெயர். தையல் கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர் ஒரு காலையில் அவசரத்தில் பால் என்று நினைத்து ஒரு டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டார். அவர் துப்பிக்கொண்டிருக்க, குழியக்கா ஓடி வந்து பதறியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: "எந்த டம்ளருங்க? இனி அந்த மண்ணுக்கு நான் எங்க போவேன்?"

பூசி மெழுகிப் பேசத் தெரியாது. "மனசுல வச்சுக்காதீங்க, இது களர்" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர் மனதில் அது ஆயுசுக்கும் இருக்கும். ஒரு விவசாயி, அடியில் இருக்கிற இறுக்கத்தைக் கடப்பாரையால் உடைத்து ஜிப்சம் போட்டால் தோப்பு வைக்க முடியாதா என்று மன்றாடினார். தோப்பு முழுவதையும் உடைத்து முடிப்பதற்குள் ஆயுசே முடிந்துவிடும் என்றார் குழியக்கா. "ஒத்த மரத்துக்குன்னா உயிரக் குடுத்து உடைக்கலாம். ஒத்த மரத்துக்காக யாரு உடைப்பா?" சொந்தக்காரர்கள் இதனாலேயே அவரிடம் மண்ணைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

கொழுந்தனாரும் திறக்கவில்லை. நெடுந்தூர லாரி ஓட்டுபவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். அவர் பெண்குழந்தை வாசலில் அப்பாவைக் கண்டால் உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று விளையாட்டாகச் சொல்லும். அந்த விளையாட்டு அதன் அம்மாவுக்கு, அதாவது குழியக்காவின் ஓரகத்திக்கு, ஒருநாளும் சிரிப்பைத் தந்ததில்லை. அவள் விடாமல் சொல்லிச் சொல்லித்தான் அவர் லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியை வாங்கினார்கள். எலுமிச்சைத் தோப்பு வைப்பது, கணவன் வீட்டோடு இருப்பது. அவள் போட்ட கணக்கு இவ்வளவுதான். நிலம் கைக்கு வந்த அன்றே அங்கிருந்த கொட்டகைக்குப் பக்கத்தில் முதல் கன்றைத் தன் கையால் நட்டாள்.

மீதிக் கன்றுகள் வந்து இறங்கிய பிறகுதான் குழியக்காவுக்கு அழைப்பு வந்தது. "சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க அண்ணி" என்றார் கொழுந்தனார். சுற்றிக் காட்டும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இடுப்பளவு புல். மண்வெட்டி போட்டால் தங்குதடையில்லாமல் இறங்குகிற மணல். எல்லாவற்றுக்கும் மேலே, பள்ளத்தில் தேங்கி நிற்கிற தண்ணீர்.

"மழை விட்டு ஒரு வாரம் ஆச்சு அண்ணி. இன்னும் நிக்குது பாருங்க. தண்ணிய விடவே மாட்டேங்குது இந்த மண்ணு. குடுத்து வச்சிருக்கணும்."

குழியக்கா அந்தத் தண்ணீரைப் பார்த்தார். அவர் வீட்டு ஜன்னல் டம்ளரில் இருப்பது போலப் பால் நிறத்தில் இருந்தது. ஆனாலும் குழி வெட்டாமல் வாயைத் திறக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

குழிக்குள் இறங்கினார். மேலே ஒரு முழத்துக்கு மணல், புல்வேர் பின்னிக்கொண்டு. அதன் கீழே வெளிறிப்போன ஒரு பட்டை, அடுப்புச் சாம்பல் போல. அதற்கும் கீழே மண் நெட்டு நெட்டாகப் பிளந்து தூண் தூணாக நின்றது. ஒவ்வொரு தூணின் தலையும் மூடிய கைமுட்டி போல உருண்டிருந்தது. நடுநடுவே துருப்பிடித்த புள்ளிகள், தண்ணீர் வடிய வழியில்லாமல் நின்று நின்று விழுந்த தழும்புகள். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லை. களர் அப்படித்தான் ஆளை ஏமாற்றும். கத்தியைக் குத்தினார். டக்.

மேலே ஓரகத்தி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழியக்கா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வழக்கமாக ஒரு குழியோடு முடித்துக்கொள்கிறவர், அன்று மேட்டுப் பக்கம் இன்னொன்று வெட்டச் சொன்னார். பிறகு வேலியோரம் ஒன்று. எங்கேயாவது கத்தி இறங்கிவிடாதா என்றுதான். வேலை பார்த்த இத்தனை காலத்தில், தான் சொல்லப்போவது தப்பாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். வேலியோரத்துக் குழியிலும் கத்தி நின்றுவிட்டது. இனி மறைக்க வழியில்லை.

"தம்பி, மரம் வேணாம்" என்றார் உள்ளே இருந்தபடியே. மனசுல வச்சுக்காதீங்க என்ற முன்னுரை அன்று வரவில்லை. மணல் இருக்கிறவரைக்கும் வேர் ஓடும், முதல் இரண்டு வருஷம் தளதளவென்றுதான் வரும், அப்புறம் வேர் போய் இதில் முட்டும், மழையில் அழுகும், வெயிலில் காயும் என்று விளக்கினார். "தண்ணி நிக்கிறது மண்ணு புடிச்சு வச்சிருக்கிறதால இல்ல. போறதுக்கு வழி இல்லாததால."

கொழுந்தனார் கன்றுகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஓரகத்திக்கு முகம் சிவந்துவிட்டது.

"எல்லாருக்கும் சொல்ற மாதிரி எங்களுக்கும் சொல்லிட்டீங்க. உங்க வீட்டுக்காரர் தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவார்க்கா. இவர் மறுபடியும் லாரி ஏறணும். அவ்வளவுதானே?"

குழியக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கத்தியைத் திருப்பி, பிடியை அவள் பக்கமாக நீட்டினார்.

"எறங்கி வாம்மா. நீயே குத்திப் பாரு."

கொழுந்தனார் வாயைப் பிளந்தார். அந்தக் கத்தி இன்னொரு கைக்குப் போய் அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. ஓரகத்தி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள். மேல் மணலில் குத்தினாள். சரக்கென்று பிடிவரை இறங்கியது. அவள் நிமிர்ந்து குழியக்காவைப் பார்த்த பார்வையில் ஜெயித்த களை இருந்தது. குழியக்கா கீழே கை காட்டினார். அங்கே குத்தினாள். டக். இடம் மாற்றிக் குத்தினாள். டக். மாதக் கணக்கில் தனியாகக் கிடந்த ஆத்திரம் முழுவதையும் சேர்த்து ஓங்கிக் குத்தினாள். கத்தியின் முனை முறிந்து காலடியில் விழுந்தது.

அவள் கையிலிருந்த மொட்டைக் கத்தியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், திட்டு விழும் என்று காத்திருந்தாள். குழியக்கா குனிந்து முறிந்த துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் ஓரகத்தி அழுதாள்.

"புல்லு வருமா அண்ணி?" என்று மேலேயிருந்து மெதுவாகக் கேட்டார் கொழுந்தனார்.

"அது வராம? புல்லு வேருக்கு இந்த மணலே போதும். மாடு வளர்க்குறதுன்னா இந்த நிலத்துல நான் ஒரு குறை சொல்ல மாட்டேன்."

மாட்டைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று அவர் இழுத்தார். "லாரி மட்டும் பொறக்கும்போதே ஓட்டிக்கிட்டா வந்தீங்க?" என்றார் குழியக்கா. அவர் திரும்பி அந்தப் புல்லைப் பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து, பிடுங்கி எறிய வேண்டியது என்று மட்டுமே அதை நினைத்திருந்தவர்.

ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் கை காட்டினாள். "அப்ப நான் நட்ட அந்த ஒண்ணு?"

குழியக்காவுக்குப் பொய் வராது. "அதுவும் பட்டுத்தான் போகும்" என்றார்.

பிறகு குழிகளை மூடினார். அதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. கடைசியாக வந்த மண் முதலில் உள்ளே போக வேண்டும், முதலில் வந்தது கடைசியில். மேலே புல் பத்தைகளைப் பழையபடியே பொருத்தி மிதித்துவிட்டால், அங்கே குழி இருந்ததென்று நிலத்துக்காரரே சத்தியம் செய்ய முடியாது. மூடி முடித்தவுடன் கையைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவது வழக்கம். அன்று ஏறவில்லை. கொட்டகைக்குள் போய்த் தேடி, கடப்பாரையோடு வெளியே வந்தார்.

கழுத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி ஓரகத்தியிடம் கொடுத்தார். அவள் நட்ட அந்த ஒற்றைக் கன்றை வேர் மண் உதிராமல் இரண்டு கையாலும் அகழ்ந்து எடுத்து நிழலில் வைத்தார். அது நின்ற இடத்து மணலை வாரி ஒதுக்கிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கடப்பாரையை ஓங்கினார்.