நான் பிறந்த வேளை

எங்கள் அப்பாவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "கர்த்தர் பாத்துப்பார்." கூரை ஒழுகினாலும் கர்த்தர்தான் பார்க்க வேண்டும், சைக்கிள் டியூப் வெடித்தாலும் கர்த்தர்தான் பார்க்க வேண்டும். அவர் எங்கள் கோயிலில் உபதேசியார். மயிலாப்பூரிலிருந்து அடையாறு ஆற்றங்கரைக் குப்பங்கள் வரை சைக்கிளில் போய் ஜெபம் நடத்திவிட்டு வருவார். நான் சிறுமியாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். அதனால் அந்தப் பதிலைத் தினமும் கேட்டுப் பல்லைக் கடிக்கும் பாக்கியம் எனக்கு ஒருத்திக்கே கிடைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வரன் தேட ஆரம்பித்தார்கள். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிறிஸ்து வேதக்காரர்கள் ஜாதகம் பார்ப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். பெண் பிறந்த வேளையை மட்டும் வாயால் கேட்டு வாங்கிக்கொண்டு, குளத்தங்கரை ஜோசியரிடம் முக்காடு போட்டுக்கொண்டு போவார்கள் என்பது எங்களுக்குள் மட்டும் தெரிந்த விஷயம். எல்லோரும் செய்தார்கள், யாரும் பேசுவதில்லை. அப்பாவுக்கு மட்டும் அந்த நாசூக்கு புரியவில்லை. வேளையைக் கேட்டு யாராவது வாயெடுத்தால் போதும், "பொறந்த வேளை அவளப் படைச்சவருக்குத் தெரியும். உங்களுக்கு வேண்டியது பொண்ணா, வேளையா?" என்று கேட்டுவிடுவார். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். அப்படி நல்ல இடங்கள் கை நழுவிப் போயின. எனக்குப் பின்னால் பிறந்தவர்கள் கைக்குழந்தையோடு கோயிலுக்கு வந்தார்கள். நான் ஞாயிறுதோறும் அவர்கள் குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தேன்.

என் வேளை எனக்குத் தெரியும். என் பிரசவத்தின்போது கூட இருந்த பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்: "காலையிலயே பொறந்திருந்தா கேட்டை. வெளக்கு வெக்கிற நேரத்துல பொறந்து மூலமாப் போயிட்டியேடி." மூல நட்சத்திரத்துப் பெண் வாழப் போன வீட்டில் மாமனார் தங்கமாட்டார் என்பது ஜோசியம். அப்பா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்களே, அங்கே புதிதாக வீடு கட்டிக் குடிவந்த ஒரு வேதக்காரக் குடும்பத்திலிருந்து பேச்சு வந்தது. பையன் வங்கியில் குமாஸ்தா. என்னைப் பள்ளிக்கூட விழாவில் பார்த்திருக்கிறார். நானும் அவரைப் பார்த்திருந்தேன் என்பதை இங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு விதவை அம்மாள்தான் நடுவில் நின்று பேசினாள். ஒருநாள் சாயங்காலம் அப்பா குப்பத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பையனோட ஆத்தா வேளை கேட்டுக்கினு கீது. உங்க நைனாகிட்ட கேட்டா இதுவும் பூடும். நீயே சொல்லேன், இன்னா கொறஞ்சிபூடும்?"

யோசித்தேன் என்று சொன்னால் அது பெருமைப்படுத்திக்கொள்வது. கணக்குத்தான் போட்டேன். கேட்டைப் பெண்ணால் புருஷனின் அண்ணனுக்குத்தான் ஆகாது. மாப்பிள்ளை தலைமகன், அவருக்கு அண்ணனே இல்லை.

"காலையில" என்றேன். "பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம்."

அவள் என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். நம்பிக்கை இல்லாத விஷயத்தில் ஒரு பொய் சொன்னால் அது பொய்யாகுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜோசியமே பொய், அதில் என் பொய் எந்த மூலைக்கு? எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு நியாயம் கண்டுபிடிக்கத் தெரியாதா?

அடுத்த வாரமே தாம்பூலத்தோடு வந்து நிச்சயம் பண்ணிவிட்டார்கள். யாரும் வேளையைப் பற்றி மூச்சுவிடவில்லை. அப்பாவுக்கு அதில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றுவரை நினைக்க முடியவில்லை. எங்கள் பெயர்களைக் கல்யாண அறிவிப்பாகக் கோயிலில் முதல்முறை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, எழுந்து நின்று சாட்சி சொன்னார். "ஜனங்க எம் பொண்ணோட வேளையக் கேட்டாங்க. நான் கொடுக்கல. பொண்ணு வீட்டோட இருந்துடுவான்னு பயங்காட்டினாங்க. அப்பவும் கொடுக்கல. இன்னிக்குக் கர்த்தர், வேளையே கேக்காத ஒரு வீட்ட எங்களுக்குக் கொடுத்திருக்கார்." எல்லோரும் "ஆமென்" என்றார்கள். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த நடுவில் நின்று பேசிய அந்த அம்மாளும் கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று பக்கத்தில் இருந்தவள் என் இடுப்பில் இடித்தாள். அந்தக் கணத்தில் தரை பிளந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மாம்பலத்து வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பஸ் வருகிறதா என்று தெருமுனையில் போய் நின்று பார்ப்பார். "டீச்சரம்மா, வண்டி வருது, ஓடியா" என்று அங்கிருந்தே கத்துவார். பஸ்காரனை நிறுத்தி வைத்துக்கொண்டு அவனோடு சண்டையும் போடுவார். என் சொந்த அப்பா எனக்காக எதையும் நிறுத்தி வைத்ததில்லை, கர்த்தரிடம் விட்டுவிடுவார். இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கல்யாணமாகி ஒரு வருஷம் முடியுமுன் அவருக்கு டைபாய்டு வந்தது. டாக்டர் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதையும் கொடுக்காதே என்றார். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே ஜெபம் பண்ண ஆரம்பிப்பேன். "கர்த்தாவே" என்று சொன்னதும் அடுத்த வார்த்தை வராது. மூலம், மூலம் என்று மனசு அடித்துக்கொள்ளும். நான் சிரித்த விஷயம், பொய் என்று முடிவுகட்டிய விஷயம், வந்து என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. மாமா கண்ணைத் திறந்து, "பஸ் போயிடப் போவுது, நீ கெளம்பு" என்பார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும்.

அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினோம். கூடம் நிறையப் பெண்கள். யாரோ ஒருத்தி அடுத்தவளிடம், "மருமவ வந்து வருஷம்கூடத் திரும்பலியே" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. என் மாமியார் காதிலும் விழுந்துவிட்டது. அழுது வீங்கிய முகத்தோடு எழுந்து வந்து என் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"எவளாவது எம் மருமவள ஒரு வார்த்த சொன்னா நல்லாயிருக்காது, ஆமா. வேளை பாத்துத்தான் எடுத்தோம். காலையில பொறந்தவ, கேட்டை. எங்க வீட்டுக்காரருக்கு அவளால ஒண்ணுமில்ல."

அப்பா அப்போது வாசற்படியில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றியவர் அப்படியே நின்றார். பிறகு உள்ளே வராமல் கொல்லைப்புறம் சுற்றிக் குழாயடிக்குப் போனார். நானும் அங்கே போனேன்.

"நீயாம்மா சொன்னே?"

தலையாட்டினேன்.

"காலையிலன்னா சொன்னே?"

அதற்கும் தலையாட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், நெஞ்சு நிறைய வைத்திருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அந்த அம்மாகிட்ட போயி உள்ளதச் சொல்லிடு. அப்புறம் வர்றத கர்த்தர் பாத்துப்பார்."

"மாமாவ நான்தான் கொன்னேன்னு சொல்வாங்கப்பா."

"அவங்க சொல்லட்டும். நீ என்ன சொல்றே?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைத்தான் அவர் கேட்டார். அவர் மகளாக இத்தனை வருஷம் வளர்ந்தவளுக்கு அது நுனிநாக்கில் இருந்திருக்க வேண்டும். நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் கொன்றேன் என்றுதான் நான் நம்பினேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். என் அம்மாவை அடக்கம் பண்ணியபோதும் கலங்காமல் நின்று பாட்டுப் பாடினவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அந்தக் குழாயடியில் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.