தச்சிவா பூசிக்கொண்ட வெற்றி

சுன்யானி உயர் நீதிமன்றத்தில் வழக்கு ஜெயித்த அன்று தச்சிவாவின் உடம்பில் பவுடர் இல்லாத இடமே இல்லை. வழக்கில் ஜெயித்தவர்களுக்கு எங்கள் பக்கம் வெள்ளைப் பொடி தூவித்தான் வீட்டுக்கு அழைத்து வருவோம். தூவியவள் அவளுடைய கூடப்பிறந்த அக்கா அஃப்ராகோமா. தோள், கழுத்து, கை என்று பெரிய டப்பா முழுவதையும் தங்கச்சி மேல் கவிழ்த்துவிட்டாள். எங்கள் ஊர் வென்ச்சியின் சந்தை முனையில் வண்டியை விட்டு இறங்கியபோது, மாவு மில்லில் விழுந்து எழுந்தவள் மாதிரிதான் இருந்தாள் தச்சிவா. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது?

பஸ் நிலையத்தில் தகர டப்பாவால் முந்திரிக்கொட்டை அளந்து விற்றவள் அவள். புருஷன் பாதியில் விட்டுப் போனான். அவன் போன பிறகுதான் அவளுக்கு யோகமே வந்தது என்று ஊர் சொல்லும். கொட்டையைக் கிராமம் கிராமமாகச் சேர்த்துக் கப்பலேற்றும் அளவுக்கு வளர்ந்தாள். தரையெல்லாம் டைல்ஸ் போட்டு, பச்சைக் கேட் வைத்து வீடு கட்டினாள். ஊர்த் தலைவரின் அரண்மனை இருக்கும் அந்தத் தெருவில் அப்படி வேறு வீடு கிடையாது. அதை அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

வழக்குக்குக் காரணமான அந்தப் பருவத்தில் விவசாயிகள் கொட்டையைக் கடனுக்குத்தான் கொடுத்தார்கள். அக்காதான் வாங்கிக் கொடுத்தாள். "என் தங்கச்சி பணம் தரலன்னா அவ வீட்டை எடுத்துத் தர்றேன்" என்று தலைவரின் முன்னால் சொல்லி வாங்கினாள். தச்சிவாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

சரக்கை வாங்கியது வியட்நாம் கம்பெனி ஒன்று. அவர்களுக்கு இங்கே தரகன் அட்டோப்ரா. ஒப்பந்தத்தைத் தச்சிவாவிடம் நீட்டும்போதே அவன் சொன்னான்.

"அக்கா, கடைசிப் பக்கத்தை வாசிச்சுக்குங்க. தகராறு வந்தா அவங்க ஊர் மன்றத்துலதான் பேசணும். அதுவும் ஒரு வருஷத்துக்குள்ள."

"கல்யாணப் பந்தல்ல நின்னு எழவைப் பத்திப் பேசுற மூஞ்சியைப் பாரு! பேனாவைக் கொடுடா."

சரக்கு போய் இறங்கியது. இறக்கி எடுத்துக்கொண்ட பிறகு, கொட்டை ஈரம், பூஞ்சை பிடித்திருக்கிறது, பணம் கிடையாது என்று கம்பெனி கையை விரித்தது. பொய். அந்தக் கொட்டையைக் காயவைத்தது இந்த ஊர் வெயில், ஊரே பார்த்தது. ஆனால் இந்த ஊர் வெயில் அங்கே போய்ச் சாட்சி சொல்லுமா?

வக்கீல் போவாடு வழி சொன்னார். "அவங்க ஊருக்குப் போய் வழக்காட உங்களால ஆகுமா? இங்கேயே போட்டு ஜெயிச்சுத் தர்றேன்."

அப்படியே நடந்தது. எதிராளி ஒரு வாய்தாவுக்குக்கூட வரவில்லை. எங்கள் தலைவரின் சபையில் கூப்பிட்டும் வராதவன் குற்றவாளி, அவன் வாசலில் நாய்கூடப் படுக்காது. தச்சிவாவும் அந்தக் கணக்கைத்தான் போட்டாள். "பயந்துட்டாங்கடி!" என்றாள். ஆடு வெட்டி, ஃபூஃபூ களி இடித்து, தெருவுக்கே விருந்து வைத்தாள். அதுவும் கடனில்தான்.

விருந்து முடிந்த வாரம் அட்டோப்ரா சந்தைக்கு வந்தான். மெதுவாகத்தான் பேச ஆரம்பித்தான்.

"அக்கா, பாதி தர்றாங்க. அடுத்த பருவத்துக்கு அவங்களுக்குக் கொட்டை வேணும், அதனாலதான் இறங்கி வர்றாங்க. வாங்கிக்குங்க."

பாதி வந்தால் விவசாயிகள் கடன் தீரும், வீடு தப்பும். தச்சிவாவுக்கு அது தெரியாமல் இல்லை. வாய் வரை வந்த 'சரி'யை விழுங்கினாள், ஏனென்றால் தக்காளிக்காரி முதல் கருவாட்டுக்காரி வரை எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பவுடர் போட்டவகிட்ட வந்து பாதி பேசுறியா? உனக்கு வெக்கமா இல்ல?"

"அக்கா, அந்தத் தீர்ப்பு கடல் தாண்டாது."

"உங்க ஆளுங்க தாண்டி வரப் பயந்தாங்க. என் தீர்ப்பு தாண்டும், போடா!"

சந்தை சிரித்துச் சுருண்டது. எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டியவள் அஃப்ராகோமா. "முழுசையும் வாங்குடி! பாதி வாங்கினா நான் போட்ட பவுடரை நீயே துடைச்ச மாதிரி!" என்று கத்தினாள்.

தீர்ப்பு கடல் தாண்டித்தான் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. உங்கள் ஊர்த் தீர்ப்பு இங்கே செல்லாது, ஒப்பந்தப்படி எங்கள் மன்றத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று அந்த நாட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே போவதற்கு இருந்த ஒரு வருஷமும் ஆட்டுக்கறியோடு செரித்துப் போயிருந்தது.

வக்கீலிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "ஜெயிச்சுத் தர்றேன்னுதானே சொன்னேன்? வாங்கித் தர்றேன்னு சொன்னேனா?" என்றார். பாவி மனுஷன்!

பிறகு அட்டோப்ராவிடம் போனாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், எழுந்திருக்கவில்லை. "எந்தப் பாதி, அக்கா? அது அன்னிக்கு. அவங்க இப்ப ஐவரி கோஸ்ட் பக்கம் வாங்குறாங்க" என்றான். அவள் வாசல் தாண்டும்போது கேட்டான்: "அந்தப் பவுடர் எந்தக் கடையில வாங்கினது? நல்லா ஒட்டுச்சே!"

விவசாயிகள் அஃப்ராகோமாவின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் நேராகத் தலைவரிடம் போய்த் தங்கச்சி மேல் வழக்குச் சொன்னாள்.

தச்சிவா போகவில்லை. வராதவனுக்குத்தான் லாபம் என்பதை அவள் பட்டுத் தெரிந்துகொண்டவள் அல்லவா? பச்சைக் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். சபையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். மறுபடி வந்தான். அவள் கேட்டைத் திறக்கவில்லை. அந்தக் கம்பெனிக்காரனும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் தெம்புகூட வந்தது.

வெயில் தாழ்வதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. அரண்மனைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடைதான் இருந்தது. தலைவரின் ஆட்கள் அதைத் தாண்டி வந்து கேட்டைத் தட்டினார்கள். முன்னால் அஃப்ராகோமா நின்றாள், கழுத்திலும் தோளிலும் வெள்ளைப் பவுடரோடு.

"திறடி."

"அக்கா... நீதானே பாதி வாங்காதேன்னு சொன்ன?"

"சொன்னேன். அன்னிக்கு ஊரே சொல்லுச்சு. ஊரா உன் கடனுக்கு வாக்குக் கொடுத்துச்சு? சாவியைக் கொடு. பாத்திரம் பண்டம் எடுத்துக்க, டைல்ஸ் மேல போட்டு இழுக்காதே."

சாவியைக் கொடுத்தபோது அக்காவின் கையிலிருந்த பொடி கொஞ்சம் தச்சிவாவின் விரலிலும் ஒட்டிக்கொண்டது. அதைத் துணியில் துடைத்துவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.