தவமணி அக்காவைத் தூண் என்றவர்களுக்கு

நான் முன்னமே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தவமணி அக்கா கண்ணை மூடுகிற நாளில் கோயில் சபைக்காரர்தான் முதல் ஆளாக அழுது எழுதுவார்கள் என்று, அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய குசினியில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னவன் நான். "நடா, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு" என்றார் அக்கா. சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை.

செய்தி வந்த விதமும் நான் சொன்னபடியே. நாங்கள் இருக்கிற நார்த்மீட்டில் தூறல் மழை. குப்பைத்தொட்டியை வீதியோரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்போது கைப்பேசி முனகியது. கோயில் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம். வாடாத தாமரைப்பூ, இரண்டு கும்பிடும் கைகள், நடுவில் "எமது மடைப்பள்ளியின் தூண் சாய்ந்தது" என்ற வரி, கீழே கோயில் சபைத் தலைவரின் பெயர். அக்காவின் ஒரே மகள் நிரூ அப்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்று, யாருக்கு முதலில் சொல்வது என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அவள் எனக்குப் போன் எடுப்பதற்குள் இவர்கள் தூணைச் சாய்த்து, மாலையும் போட்டுவிட்டார்கள்.

அந்தத் தூணை மடைப்பள்ளியிலிருந்து பிடுங்கி வெளியே போட்டது யார் என்பதைத்தான் எழுதப்போகிறேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நிரூ என்னிடம் ஒரு பக்கம் கேட்டாள். "அங்கிள், அம்மாவைப் பற்றி நல்லதா நாலு வரி. சண்டை வேண்டாம், ப்ளீஸ்." நல்லதாகத்தான் எழுதுகிறேன். தலைவரின் பெயரை எழுதமாட்டேன். அவருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அக்காவைத் தெரியாத இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். படகில் வந்தவர். விசா இன்றைக்கு முடிவாகும், நாளைக்கு முடிவாகும் என்று வருடக்கணக்காக இருந்தவர். வேலையை விட்டால் நாளைக்கு அதையும் ஒரு அதிகாரி கேள்வியாகக் கேட்பான் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. அவருக்கு எங்கள் பக்கத்துக் கிளப்பின் சமையலறையில் வேலை எடுத்துக் கொடுத்தவன் நான். எனக்கு அங்கே கோப்பை கழுவுகிற வேலைதான் என்று சிலர் சொல்வார்கள். கழுவினதும் உண்மை. ஆனால் அந்தச் சமையலறையின் மூளை கோப்பை கழுவுகிற தொட்டியடியில்தான் நின்றது. மனேஜர் டெபி என்னைக் கேட்காமல் ஒரு வெங்காயம் வாங்கினதில்லை.

வந்த முதல் நாளே அக்காவுக்குச் சோதனை. டெபி அரைத்த மாட்டிறைச்சி, பாண்தூள், முட்டை, வெங்காயம் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, "மீற்லோஃப், குடும்ப ட்ரே, இரவுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நம்மவர்கள் அந்த நாலு சாமானையும் ஒன்றாகக் கண்டால் கை எங்கே போகும்? கட்லட்டுக்குத்தான் போகும். அக்கா மிளகு போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, முட்டையில் தோய்த்து, தூளில் புரட்டி, அவ்வளவையும் பொரித்து மலையாகக் குவித்துவிட்டார். டெபி வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

"என்ன, உப்புக் கூடிட்டுதோ?" என்று அக்கா என்னைத் தமிழில் கேட்டார்.

"அக்கா, அவள் கேட்டது பாண் மாதிரி ஒரே கட்டி."

"கட்டியோ? இவ்வளவு பேருக்கும் ஒரே கட்டியைக் குடுத்தா ஆர் வெட்டிறது?"

அன்றிரவு கட்லட் ஒன்றும் மிஞ்சவில்லை. மணம் பிடித்துத் தீயணைப்பு வண்டி ஒன்று சத்தம் போடாமல் வந்து வாசலில் நின்றது. நம்பாதவர்கள் அந்த வண்டிக்காரரையே கேட்கலாம், ஆனால் அவர்கள் இப்போது வேறு பகுதிக்கு மாறிப் போய்விட்டார்கள்.

மறுகிழமை அக்கா கட்டியையும் பழகிவிட்டார். இறைச்சியைப் புட்டு மா குழைப்பது போல விரல் நுனியால் மட்டும் தொடுவார். அழுத்திப் பிசைந்தால் செருப்புத் தோலாகிவிடும். பெரிய ட்ரேயின் நடுவில் அதைத் தலையணை போலக் கிடத்துவார். முதலில் உருளைக்கிழங்கு, கரட், பூசணியைச் சுற்றி அடுக்கி ஓவனுக்குள் விடுவார். நான் அதைப் போறணை என்றுதான் சொல்வேன், ஊர் வாய் போகாது. இறைச்சியின் கொழுப்பு இறங்கி உருளைக்கிழங்கில் ஊறும். பிறகு தக்காளி சோஸ், சிவப்புச் சீனி, வினாகிரி மூன்றையும் கலந்து மேலே பூசுவார். டெபி திரும்புகிற நேரம் பார்த்து அதற்குள் எங்கள் கறித்தூள் ஒரு சிட்டிகை விழும். கடைசியில்தான் போஞ்சிக்காய். ஒரே ட்ரேயில் முழுக் குடும்பத்தின் சாப்பாடும் மேசைக்குப் போகும். ஆனால் இறக்கினவுடன் ஒருவரையும் வெட்ட விடமாட்டார். "சுடச்சுட வெட்டினா உதிரும் நடா. கோவமும் அப்பிடித்தான். இறக்கி வைச்சு, ஆற விட்டு, பிறகு வெட்டினா துண்டு துண்டா வடிவா வரும்." தவமணி அக்கா ஒரு கோபத்தையும் வீணாக்கினதில்லை. அவரைப் பொறுமைசாலி என்று இந்த மலரில் வேறு யாராவது எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

இனிக் கோயில் கதை. வெள்ளிக்கிழமைகளில் மடைப்பள்ளி அக்காவின் கையில் இருந்தது. அவர் வைத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, சாமி பார்க்காமலே வீட்டுக்குப் போனவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். அங்கே அவரை எல்லோரும் அக்கா என்றார்கள். விசாக் கடிதத்தில் வெறும் இலக்கமாக இருந்த மனுசிக்கு அந்தக் கிடாரத்தடிதான் இடம். அந்த இடத்தைத்தான் பறித்தார்கள்.

பூசை முடிந்து சோறு வடிக்கிற நேரம் தலைவர் மடைப்பள்ளி வாசலில் வந்து நின்றார். பின்னால் சபைக்காரர் மூன்று நாலு பேர். நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் மேற்பார்வை.

"தவமணி, நீர் கிளப்பில மாடு பிசையிறீராம் எண்டு ஒரு கதை அடிபடுது."

"கதை இல்லை அண்ணை, உண்மைதான். வியாழன் பிசையிறன். வெள்ளி விடிய முழுகிப்போட்டு இஞ்சை வாறன்."

"முழுகினாலும் கையில மணம் போகாது. இது சாமிக்குப் படைக்கிற இடம்."

அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, தலைவரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "மணந்து பாருங்கோ."

தலைவர் இரண்டடி பின்னால் போனார். பின்னால் நின்றவரின் காலை மிதித்துவிட்டார். அவர் "ஆவ்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நான் கொஞ்சம் அதிகமாக. அந்தச் சிரிப்பைத்தான் தலைவரால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த கிழமை சபை கூடி முடிவெடுத்தது: அந்த வேலையை விட்டால் மடைப்பள்ளி, விடாவிட்டால் இல்லை. விசா கையில் இல்லாத மனுசியிடம் வேலையை விடு என்று சொன்னவர்கள், எல்லோரும் சிற்றிசன்கள்.

மடைப்பள்ளி தலைவரின் மைத்துனர் குடும்பத்துக்குப் போனது. அக்கா கோயிலை விடவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் போவார், பந்தியில் முன்வரிசையில் இருப்பார், ஒரு வாய் வைப்பார், பக்கத்தில் இருப்பவரிடம் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி மெல்லமாகச் சொல்வார்: "பாவங்கள், உப்பை மறந்திட்டினம்." அடுத்த வெள்ளி: "பாவங்கள், போன முறை மறந்த உப்பையும் சேர்த்துப் போட்டிட்டினம்." மைத்துனரின் மனைவி அக்காவின் தலை கண்டாலே கரண்டியைத் தவறவிடுகிற நிலைக்கு வந்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது காரில், "இது சும்மா தாளிதம் நடா, கறி இனித்தான்" என்பார் அக்கா.

கறி ஒரு சனிக்கிழமை வந்தது. தலைவரின் பேரன் விளையாடுகிற கால்பந்துக் குழுவுக்கு எங்கள் கிளப்பில் விருந்து. மேசைக்கு ஒரு குடும்ப ட்ரே. கோப்பை கழுவுகிற இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, அதற்குள்ளால் உலகமே தெரியும். தலைவர் கோட் போட்டுக்கொண்டு, பயிற்சியாளருக்குப் பக்கத்தில், நடுக் கதிரையில் இருந்தார்.

ட்ரே வந்தது. தலைவர் முள்ளுக்கரண்டியால் குத்திப் பார்த்தார். "இது என்ன இறைச்சி அப்பன்?"

பேரன் கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல், "ஜஸ்ட் மீற்லோஃப், தாத்தா. ட்ரை பண்ணுங்கோ" என்றான்.

தலைவர் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். முதல் துண்டு முடிந்தது. தட்டை நீட்டி இரண்டாம் துண்டு கேட்டார். ஓரத்தில் காய்ந்து பிடித்திருந்த சோஸைச் சுரண்டியும் எடுத்தார். அப்போதுதான் அக்கா ஏப்ரனோடு வெளியே வந்து அவர் முன்னால் நின்றார்.

"அண்ணை, எப்பிடி இருக்குது? என்ர கைதான். மணம் போயிட்டுதோ?"

தலைவரின் தொண்டையில் மாடு ஒருமுறை கத்தினது எனக்கு ஜன்னலடியில் கேட்டது. எழும்பி ஓடினார். குழாயைத் திறந்துவிட்டு வாய் கொப்பளித்த சத்தத்தில் கிளப்பின் தண்ணீர் அழுத்தமே குறைந்துவிட்டது. அடுத்த நாள் யாருக்கும் தெரியாமல் மூன்று கோயிலில் பரிகாரம் செய்தார்.

இதை எழுதி நிரூவுக்கு அனுப்பினேன். உடனே போன் எடுத்தாள்.

"அங்கிள், இது உண்மையா நடந்ததா?"

"நான் கண்ணால கண்டனான் பிள்ளை."

"அம்மா அப்பிடிச் செய்யமாட்டா. அம்மா ஆருக்கும் தெரியாமல் மாடு குடுக்கமாட்டா. எனக்குத் தெரியும்."

நான் வேறு கதைக்குத் தாவப் பார்த்தேன். அவள் விடவில்லை. தாயின் பிள்ளை.

"தலைவர் அங்கிள் முப்பத்தோராம் நாள் முதல் ஆளாப் பேசப் போறார். மைக் கேட்டிருக்கிறார். 'தூண்' எண்டுதான் தொடங்குவார். உங்கட பக்கத்தில ஒண்டு பொய் எண்டாலும் அவர் அதைப் பிடிச்சுக்கொண்டு, முழுக்கப் பொய், ஒருத்தரும் அம்மாவை வெளியில விடேல்லை எண்டு சொல்லிப்போடுவார். எவ்ரிபடி வில் பிலீவ் ஹிம். அங்கிள், எனக்கு அம்மாவை வெளியில விட்டது எல்லாருக்கும் தெரியவேணும். பொய்யை எடுங்கோ, நான் பிரிண்ட் பண்ணுறன். புத்தகத்தை அவர் மைக்குக்கு வாறதுக்கு முதல் கதிரை கதிரையா வைக்கிறன்."

சண்டை வேண்டாம் என்ற பிள்ளை இது. அக்காவின் ஏப்ரன் நிரூவிடம் இருக்கிறது, ட்ரேயை டெபி வைத்திருக்கிறாள். அவருடைய கோபத்தை யாரும் கேட்கவில்லை, அதை நான் எடுத்துக்கொண்டேன். என் மனைவி, "வயசு போன காலத்தில உங்களுக்கு ஏன் இது?" என்கிறாள். நல்ல சாமான், பழுதாகாது, விடமாட்டேன்.

ஆகவே பிள்ளை கேட்டபடி ஒன்றை மட்டும் திருத்துகிறேன். எழுதினதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை, கீழே சேர்க்கிறேன். ஓட்டமும் கொப்பளிப்பும் பரிகாரமும் என் கைவேலை, அவற்றுக்கு வேராக நான் நட்டது மாடு. தலைவர் சாப்பிட்டது மாடு இல்லை.

விருந்துப் பதிவில் தலைவரின் பெயரைக் கண்டவுடனே அக்கா பருப்பை ஊறப்போட்டார். பருப்பும் பூசணியும் பாண்தூளும் சேர்த்து, சின்னதாக ஒரு கட்டி, தனி ட்ரேயில். தலைவர் முள்ளுக்கரண்டியைத் தூக்க முதல் வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அண்ணை, மேசையில இருக்கிறது மாடு, தொடாதேங்கோ. இது உங்களுக்கெண்டு பருப்பில செய்தனான். ட்ரேயும் வேற, கத்தியும் வேற. கை மட்டும் என்ரதான்."

தலைவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். தட்டை நீட்டி இரண்டாம் துண்டு கேட்டதை நான் கற்பனை செய்யவில்லை. ஓரத்தைச் சுரண்டியதையும் கற்பனை செய்யவில்லை. "நல்லாயிருக்கு தவமணி" என்றுகூடச் சொன்னார். அடுத்த வெள்ளி அக்கா முழுகி, சேலை மாற்றி, மடைப்பள்ளி வாசலில் போய் நின்றார். தலைவர் உள்ளேயிருந்து அவரைக் கண்டு, கதவைச் சாத்தினார்.