ஆல்டர்ஷாவின் ஆஷ்ட்ரே

நோரீன் கிளெக்குக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே குமட்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை. அதன் கீழ்த்தளத்தில் இருந்த கேக் கடையில் நானும் அவளும் வருடக்கணக்காக வேலை பார்த்தோம். காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் படிக்கட்டில் இறங்கி வருவாள். ஏப்ரனைக் கட்டிய பிறகும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்க மாட்டாள்.

எங்கள் ஊர் ஆல்டர்ஷாவின் நட்ட நடுவில் ஏழு மாடிக்கு நின்றது அது. கீழே கடைகள், மேலே முழுக்கக் கார் நிறுத்துமிடம். பூச்சும் இல்லை, சாயமும் இல்லை, வெறும் கான்கிரீட். மழை பெய்தால், எங்கள் ஊரில் எப்போதுதான் பெய்யவில்லை, ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலிருந்தும் கறுப்பாக வழியும். கால்சட்டையை நனைத்துக்கொண்ட குடிகாரன் மாதிரி நிற்கும். படிக்கட்டில் மூத்திர வாடை, கைப்பிடியில் புறா எச்சம். நகரசபை அதற்கு ஏதோ ஒரு கவுன்சிலரின் பெயரை வைத்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் அது ஆஷ்ட்ரேதான், சிகரெட் சாம்பல் தட்டுகிற கிண்ணம்.

அதைக் கட்டியவர்களில் ஒருவன் நோரீனின் கணவன் கிளிஃப். கல்யாணத்துக்கு முன்னால், வாலிப வயதில், அங்கே கம்பி கட்டுகிற வேலைக்குப் போயிருந்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுவரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவான்.

"முத்தமும் ஒண்ணு குடுத்துட்டு வாயேன்," என்பாள் நோரீன்.

"நீயும் நானும் போனப்புறமும் இது நிக்கும்."

"அதை நினைச்சாத்தான் எனக்கு வயித்தக் கலக்குது."

இப்படியே நாற்பது வருடம் போயிற்று. வேடிக்கையாகத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன், அவள் விழும்வரை. அந்தக் கட்டடத்தின் மூலையில் எப்போதும் ஒரு காற்று சுழன்று அடிக்கும். ஒரு பிப்ரவரியில் அது நோரீனை அலாக்காகத் தூக்கி நடைபாதையில் போட்டது. தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்ற கிளிஃப் சொன்னான்:

"காத்து அடிச்சா கட்டடம் என்ன பண்ணும்?"

நோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஈஸ்டர் வரைக்கும் அவனோடு பேசவில்லை. சமைத்து வைப்பாள், தட்டைத் தள்ளுவாள், அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் நகரசபை அதை இடிப்பதாக அறிவித்தது. வெடி வைத்து ஒரே நொடியில் சரிப்பார்களாம். பொத்தானை அமுக்கப்போவது யார் என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள், சீட்டு விற்ற காசு புற்றுநோயாளிகள் இல்லத்துக்கு. நோரீன் கைநிறைய வாங்கினாள். கிளிஃப் ஒன்றுகூட வாங்கவில்லை. விழுந்தது அவள் சீட்டு.

செய்தி வந்தபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். கிளிஃப் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வேற யாருக்காவது குடுத்துடேன்," என்றான்.

"எதுக்கு?"

"நான் கட்டினதுன்னு உனக்குத் தெரியும்ல."

"தெரியும். என் தோள உடைச்சதும் அதுதான். நான்தான் அமுக்குவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே குன்றின்மேல் கூடியிருந்தது. மேயர் கழுத்தில் சங்கிலியோடு பேசிக்கொண்டே போனார். வரமாட்டேன் என்றிருந்த கிளிஃப் வேலியோரமாக வந்து நின்றான். நோரீன் அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் அமுக்கினாள்.

இடி மாதிரி ஒரு சத்தம், அப்புறம் புழுதி. புழுதி அடங்கியதும் பார்த்தால் தளங்கள் எல்லாம் விழுந்து கிடந்தன. படிக்கட்டு மட்டும் விழவில்லை. ஏழு மாடி உயரத்துக்கு அந்த நாறிப்போன படிக்கட்டுக் கூண்டு சாய்ந்து, எங்கள் தெருவைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கிளிஃப் தொப்பியைக் கழற்றினான்.

"படிக்கட்டுக்குக் கம்பி கட்டினது எங்க குழுதான்," என்றான், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம்.

நோரீன் பொத்தானை இன்னொரு முறை அமுக்கினாள். வெடி வைத்த பொறியாளர் பையன் ஒருவன் மெதுவாக அவள் கையை எடுத்துவிட்டான்.

எங்கள் தெருவையே காலி பண்ணச் சொன்னார்கள். அதே தெருவிலிருந்த கிளெக் தம்பதி நோரீனின் தங்கை வீட்டில் ஒரே அறையில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அதற்குள் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அந்தச் சாய்ந்த கூண்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் படம் போட்ட பனியன்கூட விற்றது. உள்ளூர்க்காரர்களே வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நோரீனுக்கு அதுதான் கட்டடத்தைவிட அருவருப்பாக இருந்தது.

"நேத்து வரைக்கும் இதைப் பார்த்துக் காறித் துப்புனவன் இன்னைக்கு நெஞ்சுல போட்டுட்டு வரான்," என்றாள் என்னிடம். "இவனுங்களுக்கு வெக்கமே கிடையாது ஜோன்."

கடைசியில் ராட்சத இயந்திரம் ஒன்று வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து முடித்தது. வீடு திரும்பியபோது எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறப் புழுதி. சர்க்கரை டப்பாவுக்குள், மெத்தைக்குள், நோரீன் கல்யாணங்களுக்குப் போட்டுப் போகிற தொப்பிக்குள்கூட. கிளிஃப் வாளியில் தண்ணீர் பிடித்துவந்து தரையைத் துடைக்க உட்கார்ந்தான். அந்த வீட்டில் அவன் தரை துடைத்து நான் பார்த்தது அப்போதுதான்.

காலி இடத்தில் புதிதாக என்ன வரப்போகிறது என்று நூலகத்தில் படம் வைத்திருந்தார்கள். மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். பழையதைவிட இரண்டு மாடி அதிகம். மாணவர்கள் தங்குகிற அறைகளாம். சுவரெல்லாம் பச்சையும் ஆரஞ்சுமாகத் தகடு, ஜன்னல்கள் கண்டபடி இடித்துச் செருகின மாதிரி. படத்தில் வானம் நீலமாக இருந்தது. அப்படி ஒரு வானம் எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

கிளிஃப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனான்.

"இது என்ன, தகரமா?"

அங்கிருந்த பெண், "எடை குறைந்த சுவர்ப் பலகைகள், சார். ஊருக்கு ஒரு புன்னகை மாதிரி இருக்கும்," என்றாள்.

"வாந்தி மாதிரி இருக்கு," என்றான் கிளிஃப்.

நோரீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நாய் எடுத்த வாந்தி," என்றாள்.

ஆட்சேபம் சொல்ல இருவரும் சேர்ந்தே நகரசபைக் கூட்டத்துக்குப் போனார்கள். நோரீன் பேசினாள், கிளிஃப் அவள் கழற்றிய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் கை தூக்கி அனுமதி கொடுத்துவிட்டார்கள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. மூவரும் மீன்வறுவல் கடைக்கு நடந்தோம். வழியெல்லாம் அவர்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிக்கொண்டு அந்தப் பச்சைத் தகட்டைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.