நான் பட்டினி போட்ட கவிஞர்

எழுத்தாளர்களின் வரலாற்றை எழுதக் கிளம்பிய என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. கவிஞர் என்றால் பட்டினி கிடந்திருக்க வேண்டும். வயிறார உண்ட கவிஞரை யார் மதிக்கிறார்கள்?

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் தமிழாசிரியராக இருந்துகொண்டே, தாடிக்கொம்பில் வாழ்ந்து மறைந்த கவிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதினேன். மணமாகாத அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவருடைய தங்கை. நான் கேட்டதும் அண்ணனின் நாட்குறிப்புகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். அவற்றில் அங்கங்கே ‘இன்று உணவில்லை’ என்று இருந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த இரண்டு சொற்களை வைத்து அவருடைய வறுமையைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினேன். எல்லோரும் பாராட்டியதும் அதைத்தான்.

நாட்குறிப்புகளைத் திருப்பித் தரப் போனேன். நான் தபாலில் அனுப்பியிருந்த புத்தகத்தை அந்தத் தங்கைக்கு அவர் மகள் ஏற்கெனவே வாசித்துக் காட்டியிருந்தாள். அந்த அம்மாள் முதலில் இலை போட்டார். கத்தரிக்காய் வெஞ்சனம், கெட்டித் தயிர். நான் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகுதான் கேட்டார்.

“தம்பி, எங்கண்ணன நான் பட்டினி போட்டேன்னு எழுதிப்புட்டீகளே?”

நாட்குறிப்பைத் திறந்து காட்டினேன்.

“அது ஏகாதசி தம்பி. அன்னைக்குப் பச்சத்தண்ணி பல்லுல படாது. மத்த நாளு அம்புட்டும் ஆரு போட்ட சோறு? சம்பந்தி வீட்டு ஆளுக மொகத்துல முழிக்க முடியல. மாத்தி எழுதுங்க, போதும்.”

வீட்டுக்கு வந்ததும் பழைய பஞ்சாங்கங்களைத் தேடி எடுத்து, நான் குறித்து வைத்திருந்த தேதிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அத்தனையும் ஏகாதசி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மட்டும் வருகிற வறுமையை நான் சந்தேகிக்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. சோற்றையே மறைத்தவன் நான்தான். வெட்கமாக இருந்தது. அடுத்த பதிப்பில் திருத்திவிடுவதாக அந்த அம்மாளுக்குக் கடிதம் எழுதினேன்.

அறுபதுகளின் நடுவில் அடுத்த பதிப்புக்கு வேலை தொடங்கியது.

“அந்த அத்தியாயத்த எடுத்துட்டா புத்தகத்துல என்ன சார் இருக்கு?” என்றார் பதிப்பாளர்.

கோபம் வந்தது. ஆனால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்தேன். அந்தப் பதிப்பைத் தாடிக்கொம்புக்கு அனுப்பவில்லை. அந்தப் பக்கம் போவதையும் விட்டுவிட்டேன்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அன்று அந்த இலையில் நான் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.